சனிக்கிழமை மட்சும் சூரன் போரும்

ஞாயிறு, நவம்பர் 1

காலையில் மழை. மத்தியானத்துக்குப் பிறகு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குசினி முழுக்கக் கழுவியாகிவிட்டது. மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கிற சட்டிகள் எல்லாம் பெட்டிக்குள் போய், பெட்டி பல்கனிக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கந்த சஷ்டி விரதம். எனக்குப் பாலும் பழமும். அம்மாவுக்கு இரவில் ஒரு நேரச் சோறு. அது டொக்டர் போட்ட கட்டளை, அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

வாங்க வேண்டியவை: பால். வாழைப்பழம். இளநீர் (தகரத்தில் வருவதுதான்). கற்பூரம். நீலக் கையுறை, பழைய சோடியில் ஒன்று போன வருடம் ஸ்டேடியத்தில் தொலைந்துபோனது.

கையுறை சனிக்கிழமைக்கு. சனிக்கிழமைதான் பெரிய மட்ச். பந்தைக் கையில் காவி ஓடுகிற கனடா ஃபுட்பால்: எங்கள் மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்து நீலமும் கெபெக் நகரத்துச் சிவப்பும். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து எவ்வளவோ காலம். வகுப்பறைகள் ஒன்றும் ஞாபகமில்லை. மலைச்சரிவில் இருக்கிற அந்த ஸ்டேடியமும், ஈரப் புல் மணமும், பலகைப் படிகளில் ஆயிரம் பேர் ஒரேயடியாகக் காலால் தட்டுகிற சத்தமும்தான் இன்னும் மண்டைக்குள். அம்மா இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘முட்டுற விளையாட்டு’. தலையில் சட்டி கவிழ்த்த கடாக்கள் முட்டுப்படுகிறதாம். பந்துகூட ஒழுங்கான உருண்டை இல்லையாம்.

தம்பி ரமணன் (இனி ர.) பதினைந்து வயதிலிருந்து என்னோடு ஒவ்வொரு பெரிய மட்சுக்கும் வந்தவன். கடைசி மூன்று வருடமாக இல்லை. கெபெக் நகரத்தில் வேலை. அங்கே நகரசபையில் ஜூலியைக் கலியாணம் கட்டிவிட்டு, கட்டின பிறகு அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னான். இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்று அம்மா சொன்னார். கோபத்தில் சொன்னதை அவன் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டான். அன்றைக்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். அம்மாவுக்குச் சுகர் எப்படி என்று அவன் என்னைக் கேட்பான். அவன் சாப்பிடுகிறானாமோ என்று அம்மா என்னைக் கேட்பார். இரண்டு பக்கமும் காவித் திரிகிறேன்.

ஓகஸ்டில் துணிந்து இரண்டு ரிக்கற் எடுத்தேன். மூலைப் பக்கம், இரண்டு நிறத்தவர்களும் கலந்து இருக்கிற இடம். அவனுக்கு எழுதினேன். பதில் போன கிழமைதான் வந்தது. “ஓகே. சிவப்புப் போட்டுத்தான் வருவன்.”

எத்தனை தரம் வாசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

சனி மட்ச். ஞாயிறு அம்மாவோடு சூரன் போர். இடையில், அவன் மொன்ட்ரியாலில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், ஏதோ ஒன்று நடக்க வேண்டும். என்ன என்று தெரியாது. இந்த வருட விரதம் அதற்குத்தான். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவன் வருவதைக்கூடச் சொல்லவில்லை.

திங்கள், நவம்பர் 2

குளிர். வானம் தெளிவு. வேலை. காலையில் மட்டும் ஒன்பது நெஞ்சு எக்ஸ்-ரே படம், ஒரு உடைந்த மணிக்கட்டு. மத்தியானம் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் முட்டை சான்ட்விச். நாளைக்குத் தொடங்கினால் ஆறு நாளைக்கு இல்லையே என்று ஆசை தீரச் சாப்பிட்டேன்.

அதை விழுங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கோயில் குழுவில் செய்தி. ‘இன்று மாலை ஆறு மணிக்குக் காப்புக் கட்டல். அடியார்கள் அனைவரும்...’

அம்மாவுக்கு போன் எடுத்தேன். அம்மாவும் அப்போதுதான் பார்த்தாராம்.

சங்கதி இதுதான். குசினியில் அடுப்புக்கு மேல் தொங்குகிறது செயின்ட்-மிஷேல் சாமான்கடைக்காரர் இனாமாகத் தந்த கலண்டர். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அச்சடித்தது. அங்கே விடிகிற நேரம் இங்கே முதல் நாள் இரவு. திதி இங்கே ஒரு நாள் முந்தி விழும். கோயில் கனடாக் கணக்கைத்தான் பார்க்கும். இது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு வருடமும் கோயில் கலண்டரைத்தான் பார்ப்பேன். ஓகஸ்டில் ரிக்கற் எடுத்த அன்றைக்கு அது எங்கேயோ கிடந்தது. அவசரத்தில் அடுப்புக்கு மேலே பார்த்தேன். படித்த பொம்பிளை.

முட்டையோடு விரதம் தொடங்கினது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். முருகா, அதை விடு.

மெற்றோவில் வரும்போதுதான் மீதிக் கணக்கு மண்டையில் இடித்தது. இன்றைக்கு முதல் நாள் என்றால் ஆறாம் நாள் சனிக்கிழமை. சூரன் போர் சனிக்கிழமை. மட்சும் சனிக்கிழமை. இறங்க வேண்டிய ஸ்டேஷனில் கதவு திறந்தது, மூடினது, நான் எழும்பவில்லை. ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கி நடந்தேன்.

கோயிலில் கையில் காப்பு. அம்மாவின் கை சுருங்கி இவ்வளவு சின்னதாக எப்போது போனது?

செவ்வாய், நவம்பர் 3

இரண்டாம் நாள். தலையிடி. கோப்பி குடிக்காததால்தான், பக்தியால் இல்லை.

நாதன் அண்ணை போன் எடுத்தார். கோயிலில் சூரன் உருவத்தைத் தூக்குகிற கோஷ்டிக்குத் தலைவர் அவர்தான். ஸ்டேடியக் கார்த் தரிப்பிடத்தில் ஒவ்வொரு பெரிய மட்சுக்கும் கொத்துரொட்டி போடுகிற கோஷ்டிக்கும் தலைவர் அவர்தான். அதாவது இரண்டும் ஒரே கோஷ்டி. அவர் குரலில் கவலையும் சிரிப்பும் சமபாதி. எல்லாருக்கும் அதே கடை, அதே இனாம் கலண்டர், எல்லாரும் ரிக்கற் எடுத்தாயிற்று.

“சூரனைத் தூக்க எட்டுப் பேர் வேணும் பிள்ளை. இப்ப என்னோட அஞ்சு பேர் நிக்கினம். மிச்சம் மூண்டு பேருக்கும் முருகனை விட மட்ச் பெரிசு.”

தன் ரிக்கற்றை மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். இந்த வருடம் கொத்து இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு என்னமோ செய்தது. விரதக்காரி கொத்துக்கு ஏங்கக்கூடாது. ஆனால் ஏங்கினது வாய் இல்லை, காது. இரும்புத் தட்டில் அந்த இரண்டு தகடுகளும் விழுகிற சத்தம். அந்தப் பக்கம் பல்கலைக்கழகப் பெடியளின் மேளம். ஒரு வருடம், மழை தூறிக்கொண்டிருந்தபோது, இரண்டும் எப்படியோ ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது. மேளக்காரர்கள் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார்கள். நாதன் அண்ணை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, கொத்திக்கொண்டே இருந்தார். சிவப்புச் சட்டைக்காரர்களும் வரிசையில் கடதாசித் தட்டோடு நின்று தலையாட்டினார்கள். ஆவி மேலே போய் மலையோடு கலந்தது. ர. முட்டையை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், கோது எல்லாம் ஜக்கற் பொக்கற்றுக்குள்.

சூரனுக்கு முன் வலப்பக்கக் கொம்பு, தோளில் வைத்துத் தூக்குகிற அந்தத் தடி, ர. உடையதுதான். முன்பு. அவன் பிடித்தால் சூரன் நடக்காது, ஆடும். முழங்காலை மடித்துப் பதிவான், பிறகு ஒரு உலுக்கு. யானை முகம் சனத்துக்கு மேலே குனிந்து வரும். குழந்தைகள் கத்தித் தாயின் சேலைக்குள் ஒளியும். அந்தப் பதிவு ஃபுட்பாலில் முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகினது என்று எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறான்.

இப்போது அந்த இடத்தில் ஆள் இல்லையாம்.

புதன், நவம்பர் 4

மூன்றாம் நாள். தலையிடி போய்விட்டது. உடம்பு பஞ்சு. வேலையில் எல்லாரும் கொஞ்சம் தூரத்தில் இருந்து கதைப்பது மாதிரி. இருட்டறையில் எலும்புகள் வெள்ளையாக மிதந்து வந்தன, ஒவ்வொன்றும் அழகு. ஒரு கிழவரின் தோள்மூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கூட வேலைசெய்கிற பெட்டை தோளைத் தட்டி, வீட்டுக்குப் போகிறாயா என்றாள்.

கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸுக்கு நிற்கையில் பனிப்புகார், அடர்ந்த மூடுபனி. உடனே அந்த மட்ச்.

அது ர.வுக்கு இருபது, இருபத்தொரு வயதாக இருக்கும்போது. இடைவேளைக்குப் பிறகு மலையிலிருந்து புகார் இறங்கிற்று. முதலில் எதிர்ப்பக்கப் படிகள் காணாமல் போயின. பிறகு தூரத்து கோல் கம்பங்கள். பிறகு மைதானமே. ஆட்டத்தை நிறுத்தவில்லை. விளக்குகள் மட்டும் மேலே மஞ்சள் வட்டங்களாகத் தொங்கின. நாங்கள் அத்தனை பேரும் ஒன்றும் தெரியாத இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒருவரும் கத்தவில்லை. தோள் கவசங்கள் மோதுகிற சத்தம் மட்டும், உள்ளே யாரோ மரப்பெட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி. ஒரு விசில். மூச்சுவாங்கல். ஒரு பெடியன் பிரெஞ்சில் எண் சொல்கிறது. முன்படிகளில் இருந்தவர்கள் ஏதோ நிழலைக் கண்டுவிட்டுப் பின்னால் சொல்வார்கள், அவர்கள் தங்களுக்குப் பின்னால் சொல்வார்கள், செய்தி படி ஏறி எங்களிடம் வரும். ஆறு யார் தூரம் போயிருக்கிறோம். பிடித்துவிட்டார்கள். இல்லை, விட்டுவிட்டார்கள். நீலமா சிவப்பா? தெரியாது.

ர. என் காதோடு சொன்னான்: “அக்கா, இப்பிடியே முடியாமல் இருந்தால் நல்லம்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. யார் வென்றது என்று இன்றைக்குக் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் புகாருக்குள் அவன் தோள் என் தோளில் சாய்ந்திருந்த சூடு அப்படியே இருக்கிறது.

பஸ் இரண்டைத் தவறவிட்டேன்.

வியாழன், நவம்பர் 5

நாலாம் நாள். காற்று. முன்வீட்டு மேப்பிள் மரத்தில் கடைசி இலைகளும் போய்விட்டன.

என்ன செய்யலாம்:

மட்சுக்கு வரவில்லை என்று ர.வுக்குச் சொல்வது. அம்மாதான் மறித்தார் என்று நினைப்பான். இனி எந்த மட்சுக்கும் ஓகே சொல்ல மாட்டான்.

அம்மாவைக் கோயிலுக்குத் தனியே அனுப்புவது. ஆறு நாள் விரதம் இருந்த எழுபத்துமூன்று வயது மனுஷி. அந்தச் சனநெருக்கத்துக்குள்.

அம்மாவுக்கு உண்மையைச் சொல்வது. எந்தச் சொல்லில் தொடங்குவது?

ர.வுக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். ‘தம்பி, கலண்டர் பிழைச்சுப்போச்சு.’ உண்மை அதுதான், ஆனால் வாசிக்கும்போது பொய்ச் சாட்டு மாதிரி இருக்கிறது. மூன்று வருடம் இந்தப் பக்கமே வராமல் இருந்த மனிதனுக்குக் கலண்டரைக் காரணம் சொன்னால் யார் நம்புவது? அழித்தேன்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. இரண்டு பேரிலும். ஒருவர் ஒரு தரம் போன் எடுத்தால் முடிகிற காரியம். அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் காருக்குள் போட்டுப் பூட்டியிருப்பார்.

எனக்கு என் தம்பி வேண்டும். பக்கத்தில் இருந்து, குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடுவரைத் திட்டிக்கொண்டு. அம்மாவும் வேண்டும். இவ்வளவுதான் முருகனுக்கு நான் வைத்த நேர்த்தி. பெரிய ஆசையா இது?

அம்மா பின்னேரம் கந்தபுராணம் படிக்கப் போனார். வரும்போது சூரனைத் தூக்க ஆள் காணாதாம், குறைகிறதாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அறைக்குள் போனார்.

வெள்ளி, நவம்பர் 6

ஐந்தாம் நாள். வேலையில் ஒரு இயந்திரம் பழுது, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வெயில். விரதக் கண்ணுக்கு ஊரெல்லாம் கழுவி வைத்தது போல.

வீட்டுக் கதவைத் திறந்தேன். ரீவி ஓடுகிறது, சத்தம் இல்லாமல். அம்மா கதிரை விளிம்பில், கண்ணாடியோடு, முகத்தைத் திரைக்குக் கிட்ட வைத்துக்கொண்டு. திரையில் முட்டுற விளையாட்டு. போன சனிக்கிழமை கெபெக் நகரத்தில் நடந்த மட்ச், பதிந்து வைத்தது. எங்கள் வீட்டில் அதைப் பதிய எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

விளையாட்டு வரும்போது அம்மா பட்டனை அழுத்தி ஓட்டுகிறார். சனத்தைக் காட்டும்போது நிறுத்துகிறார். இன்னும் கிட்டக் குனிந்து, சிவப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துப் பார்க்கிறார். கமெரா சனத்தை விட்டு மைதானத்துக்குப் போனதும் திரும்ப ஓட்டுகிறார்.

நான் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. நின்றபடி நின்றேன். சனி பின்னேரங்களில் ரீவிக்கு முன்னால் கண் மூடியிருப்பாரே, தூங்குகிறார் என்று பலதரம் நான் போய் நிறுத்தியிருக்கிறேன். ‘நிப்பாட்டாதை, சும்மா ஓடட்டும்’ என்பார்.

என்னைக் கண்டும் அம்மா பதறவில்லை. களவு பிடிபட்ட முகமும் இல்லை.

“போன மாசம் ஒருக்காக் கண்டனான்,” என்றார். “தொப்பி போட்டிருந்தவன். மெலிஞ்சுபோனான்.”

பக்கத்தில் ஒரு பெட்டை இருந்தாளாம். சிரித்த முகமாம். அவளாகத்தான் இருக்கும் என்றார்.

நான் நிலத்தில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ரிக்கற், அவன் வருவது, கலண்டர். சொல்லி முடிய, அம்மா கையில் இருந்த ரிமோட்டைத் தன் சேலையால் துடைத்தார். பிறகு, நாதன் தம்பி காரில் தன்னைக் கூட்டிக்கொண்டு போவான் என்றார். மருந்தும் தண்ணீர்ப் போத்தலும் பையில் வைத்துத் தரச் சொன்னார்.

“நீ மட்சுக்குப் போ. அவன் வந்து தனிய இருக்கப்படாது.”

அவனை வீட்டுக்கு வரச்சொல்லு என்று சொல்லவில்லை. சொல்வார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.

சனி, நவம்பர் 7

காலை. ஆறாம் நாள். பூச்சியத்துக்குக் கீழே இரண்டு. பனியும் மழையும் கலந்து தூறும் என்கிறார்கள். அம்மா ஐந்து மணிக்கே தலைக்கு வார்த்துவிட்டார். நீலக் கையுறை, தொப்பி, இரண்டு சோடிக் காலுறை, தண்ணீர். மட்ச் பன்னிரண்டு மணிக்கு. சூரன் போர் மூன்றரைக்கு. மட்ச் முடிந்து அந்தக் கார் நெரிசலுக்குள்ளால் ஓடினால் சூரனின் தலை விழுந்த பிறகுதான் போய்ச் சேரலாம்.

கால் தரையில் படவில்லை.

இடைவேளை. போனில் எழுதுகிறேன், விரல் விறைக்கிறது. வந்துவிட்டான். தாடி. சிவப்பு ஜேர்சியை ஜக்கற்றுக்கு மேலே போட்டிருக்கிறான், பூதம் மாதிரி. கட்டிப்பிடிக்கவில்லை, தோளால் இடித்துவிட்டு இருந்தான். முதல் வார்த்தை: “இந்த உதைக்கிற பெடியனை இன்னும் வைச்சிருக்கிறியளோ?” அவ்வளவுதான், தொடங்கிவிட்டோம். மூன்று வருடத்து மட்ச் எல்லாம். அவன் பார்த்தது, நான் பார்த்தது. மேளம் பலகைக்குக் கீழிருந்து முள்ளந்தண்டில் ஏறுகிறது. தூறல் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு நிலத்துக்கு வராமலே நிற்கிற மாதிரி. மலை முழுக்க மண்ணிறம். சமநிலை. எனக்கு ஹொட் சொக்லற் வாங்கி வந்தான். விரதம் என்றேன். கப்பைப் பிடித்தபடி நிற்கிறான்.

ஞாயிறு, நவம்பர் 8

வெயில். கூரையில் மெல்லிசாக வெள்ளை. மீதியை மறக்க முதல் எழுத வேண்டும்.

கப்பைப் பிடித்தபடி கேட்டான், எப்போது சூரன் போர் என்று. இன்றைக்கு என்றேன். கலண்டர் கதையைச் சொன்னேன். முட்டை சான்ட்விச் வரை. சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

“பேந்து ஏன் இஞ்ச இருக்கிறாய்?”

“அம்மாதான் போகச் சொன்னவ. நீ தனிய இருக்கப்படாதாம்.”

இரண்டாம் பாதி தொடங்கிற்று. நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொன்னேன். ரீவி. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது. திரையில் விரல். அவன் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. சிவப்பு தூர எறிந்த ஒரு பந்தைப் பிடித்து ஓடிற்று, சுற்றியிருந்த சிவப்பெல்லாம் எழும்பி நின்று கத்திற்று, அவன் இருந்தபடி இருந்தான். சொக்லற் ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது.

நாலாவது கால்பகுதி. திரும்பவும் சமநிலை. சிவப்பின் கையில் பந்து, எங்கள் கோட்டுக்குக் கிட்ட. ஸ்டேடியம் முழுக்க எழும்பிவிட்டது. நீலம் எல்லாம் காலால் தட்டுகிறது, பலகை அதிர்கிறது, எனக்கு வெறும் வயிற்றுக்குள் அது பறை மாதிரி. இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்காகத்தான் வருடம் முழுக்க இருக்கிறோம். முடிய முதல் எழும்பிப் போகிறவர்களை ர. மனிதராகவே மதிக்க மாட்டான். ஒருமுறை கால்விரல் விறைத்து நீலமான பிறகும் இருந்து பார்த்தவன்.

“முன் கொம்புக்கு ஆர்?” என்று கேட்டான்.

இடப்பக்கம் நாதன் அண்ணை, வலப்பக்கம் ஆள் இல்லை என்றேன்.

எழும்பினான். என் கையைப் பிடித்து இழுத்தான். பின்னால் இருந்தவர்கள் பிரெஞ்சில் திட்டினார்கள், மறைக்கிறோமாம். படி இறங்கி வாசலுக்கு வரும்போது பின்னால் பெரிய ஆரவாரம் எழும்பிற்று, மலை முழுக்கப் பிடித்துக்கொண்டது மாதிரி. நீலமா சிவப்பா என்று பிரிக்க முடியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. சரிவில் ஈர இலை வழுக்கிற்று, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கை பிடித்துக்கொண்டு ஓடினோம்.

என் காரைச் சரிவுக்குக் கீழே தெருவில் விட்டிருந்தேன். அவன் ஹீற்றரை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக் கண்ணை மூடியிருந்தான். கோயிலுக்குப் பக்கத்தில் வந்ததும், தான் காரிலேயே நிற்கட்டோ என்று கேட்டான். கதவைத் திறந்து இறங்கினேன். பின்னால் வந்தான்.

தூறல் என்றபடியால் சூரன் போரை மண்டபத்துக்குள் வைத்திருந்தார்கள். சனம் நெருக்கித் தள்ளியது. கற்பூரப் புகை, ஈர ஜக்கற் மணம், மேளம். முருகன் ஒரு பக்கம் தயார். இந்தப் பக்கம் சூரன் யானை முகத்தோடு ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. இரண்டு பேர் கூடி இப்போது ஏழு பேர். நாதன் அண்ணை வியர்த்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அம்மா முன்வரிசையில் ஒரு மடக்குக் கதிரையில். நான் போய்ப் பக்கத்தில் குனிந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

அவன் அங்கே சிவப்பு ஜேர்சியோடு, நீலத் தொப்பி போட்ட பத்துப் பேருக்கு நடுவில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒவ்வொரு முகமாகத் திரையில் தேடினவர் இப்போது அவசரமே இல்லாமல் பார்த்தார். மேளச் சத்தத்தில் அவர் குரல் கேட்காது, ஆனால் நான் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது.

“சிவப்புச் சேட்டைக் கழட்டிப்போட்டுப் போய்ப் பிடி. ஆக்கள் காணாது.”

மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

அவன் ஜேர்சி, ஜக்கற், உள்ளே போட்டிருந்தது எல்லாவற்றையும் கழற்றி அம்மாவின் மடியில் போட்டான். நாதன் அண்ணை ஒரு சால்வையை அவன் இடுப்பில் கட்டிவிட்டார். கொம்பைத் தோளில் வைத்தான். பதிந்தான். ஒரு உலுக்கு. யானை முகம் சனத்துக்கு மேலே குனிந்து வந்தது, குழந்தைகள் கத்தின. யானை போய்ச் சிங்கம், சிங்கம் போய்ச் சூரனின் சொந்த முகம். சூரன் ஓடிற்று, பின்வாங்கிற்று, திரும்பப் பாய்ந்தது. அம்மா ஈர ஜேர்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முருகனைப் பார்க்காமல், சூரனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேல் பட்டது. அரோகரா என்று மண்டபமே எழும்பிற்று. எனக்குக் காதுக்குள் இரண்டு ஆரவாரமும் ஒன்றாகிவிட்டது. கொஞ்ச நேரம் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. யாரோ என்னைப் பிடித்து இருத்தி இளநீர் தந்தார்கள்.

ர.வும் மற்றச் சிவப்புக்காரர்களும் வந்த பஸ் ஐந்து மணிக்குப் போய்விட்டது. ர. எங்கள் சோபாவில் படுத்தான். வாசற்படியைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றான். நான் பின்னால் இருந்து தள்ளினேன்.

இன்று காலை எழும்பித்தான் முடிவைப் பார்த்தோம். வென்றது சிவப்பு, கடைசி நிமிடத்தில், ஒரு உதையில். தன் பக்கம் வென்ற மட்சை விட்டுவிட்டு வந்திருக்கிறான். என்னை வெறுப்பேற்றுவான் என்று காத்திருந்தேன். “நல்ல மட்ச் போல,” என்றான். அவ்வளவுதான்.

பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. அம்மா விடிய முதலே அடுப்பில் நின்றார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணி, பயத்தங்காய், அப்பளம், சொதி. ஆறு நாளைக்குப் பிறகு முதல் பிடிச் சோறு. கண்ணில் நீர் வருகிற ருசி. மேசையில் மூன்று பேர். அம்மாவும் ர.வும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். உப்பை நகர்த்தினால் என் பக்கம் நகர்த்துகிறார்கள்.

பாதிச் சாப்பாட்டில் அம்மா என்னிடம்: “சுபா, அவளுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேள்.”

அவன் ஒரு முழ தூரத்தில் இருக்கிறான். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான், நான் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தயாராக.

என் வாய்க்குள் சோறு இருந்தது. மென்றேன். விழுங்கினேன். இன்னொரு கரண்டி சொதி விட்டுக்கொண்டேன். அம்மா திரும்ப என் பெயரைச் சொன்னார். நான் அப்பளத்தை உடைத்தேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி,” என்றார். “ஜூலிக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ?”

“கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ அம்மா.”